பத்தொன்பதாவது பெயர்

மகனின் பெயரை நெனித்தா தன் கையாலேயே எழுதினாள். எழுதச் சொல்லி யாரும் அவளை மிரட்டவில்லை. ஊர்ச்சபைக் கூடத்தில் கூடைப்பந்து மைதானத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, பதினெட்டுப் பெயர்களை நல்ல தாளில் எடுத்தெழுதி முடித்தாள். பேனாவை மூடப் போனவள், மூடாமல் பத்தொன்பது என்று எண் போட்டு, ஆர்னென் தும்லாவ் என்று எழுதினாள். வயது இருபது. தொழில், மாணவன். பொருள் என்ற இடத்தில் ஷாபு என்கிற போதைத்தூளுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. கஞ்சாவுக்குத் தனிக் கட்டம் கிடையாது. ‘மற்றவை’ என்பதில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் கஞ்சா என்று எழுதினாள்.

கபுலான் ஊரில் அந்த வேலைக்கு அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவளுடைய கையெழுத்துதான். பதினான்கு வருஷமாக ஊர்ச் சுகாதாரத் தொண்டர். குழந்தைகளை எடை போடுவாள், கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள், தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்த் தாய்மாரை இழுத்துக்கொண்டு வருவாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுப் புருஷன் அடிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. 2016 ஜூலையில் புதிய அரசாங்கம் வந்து, போதைப்பொருள் தொட்டவர்கள் எல்லாரும் தாமாக முன்வந்து சரணடைய வேண்டும் என்று அறிவித்தபோது, கதவு தட்டும் கூட்டத்தில் அவளையும் சேர்த்தார்கள். அவள் தட்டினால் ஜனங்கள் கதவைத் திறப்பார்கள்.

ஆர்னென் அவளுக்கு ஒரே பிள்ளை. அப்பன் ஆர்செனியோவின் பெயரில் பாதி, அவள் பெயரில் பாதி. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர். ஆர்செனியோ தச்சு வேலைக்கென்று மிண்டோரோ தீவுக்குப் போய், அங்கேயே லூஸ் என்கிற இன்னொருத்தியோடு தங்கிவிட்டு, அப்போதே பதினோரு வருஷம் ஆகியிருந்தது. புருஷனை வெட்டிவிட முடிந்த நெனித்தாவால் பிள்ளையின் பெயரில் இருந்த பாதியை வெட்ட முடியவில்லை. பையன் நன்றாகப் படித்தான். பஸ்ஸில் மூன்று மணி நேரம் மலையேறிப் போனால் பாகியோ. அங்கே பல்கலைக்கழகத்தில் வனவியல், மூன்றாம் வருஷம்.

ஜூன் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவனுடைய ஜீன்ஸைத் துவைக்க எடுத்தவள், பையில் மிட்டாய் டப்பா ஒன்றைக் கண்டாள். திறந்தாள். மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ்ஸில் சில பிள்ளைகளின் சட்டையில் அடிக்கும் வாசனை. டப்பாவை அப்படியே கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். அவன் மாம்பழம் தின்றுகொண்டிருந்தான்.

“இது என்னடா?”

“கஞ்சாம்மா.”

“யாரோடது?”

“என்னோடதுதான். வேற எவனோடதோன்னு சொன்னா நம்பவா போறே?”

“எவ்வளவு நாளா?”

“போன வருஷத்துலேருந்து. சனிக்கிழமைல, இல்லேன்னா பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு. விடுதி மொட்டைமாடில நாலு பேரு உக்காந்து ஊதுவோம். அப்புறம் நூடுல்ஸ் கிண்டித் தின்னுட்டுத் தூங்கிருவோம். அவ்வளவுதான் கதை.”

“ஷாபு?”

“அய்யோ அம்மா! அந்தப் பக்கமே போனதில்ல. சத்தியமா.”

“படிப்பு?”

“மார்க்கெல்லாம் நீயே பாத்தியே.”

பார்த்திருந்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டப்பாவைக் கொண்டுபோய்க் கொல்லைச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அவன் பின்னாலேயே வந்து நின்று, “இன்னிக்கு நம்ம தவளைங்களுக்கு நல்ல தூக்கம்” என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இனிமேல் தொடக்கூடாது என்றாள். முயற்சி பண்றேன் என்றான். தொடமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஆறு வயதில் அடுத்த வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டு, யாரும் கேட்பதற்கு முன் தானே வந்து சொன்ன பிள்ளை. அவளிடம் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் அறிவிப்பு வந்தது. நகரத்தில் தொண்டர்களுக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மேடையில் பேசிய ஆள், “பட்டியல்ல இருக்கறவன் பத்திரமா இருப்பான். தானா வந்தவனை நம்ம பிள்ளை மாதிரி பாத்துக்குவோம். வராதவனுக்கு எங்களால உத்தரவாதம் குடுக்க முடியாது” என்றார். நெனித்தாவுக்கு அது தெளிவாகப் புரிந்தது. பதினான்கு வருஷமாக அவள் தாய்மாரிடம் சொல்லி வந்ததும் இதே கதைதான். ஊசி குத்தினால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், பிள்ளை அழும், அப்புறம் பெரிய நோய் கிட்டே வராது. ஊசிக்குப் பயந்து பிள்ளையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்த தாய்மாரை அவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள்.

ஊர்ச்சபைத் தலைவர் டெல்ஃபின் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஊரில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றே கூப்பிடுவார்கள். பத்தொன்பதாவது பெயரில் விரல் நின்றது.

“நெனித்தா, யோசிச்சுத்தான் எழுதினியா?”

“யோசிச்சுத்தான் கேப்டன்.”

“கஞ்சாதானே? நம்ம காலத்துல யாரு ஊதல? பேசாம இந்த வரியை அடிச்சிட்டு வேற தாள்ல எழுதிக் குடு. நான் பாக்கல.”

“வேண்டாம் கேப்டன். நாளைக்கு வேற எவனாவது சொல்லிக் குடுத்துட்டா? இப்பவே நானா குடுத்துட்டா நல்லதில்லையா?”

கேப்டன் தாளை மடித்து உறையில் போட்டார்.

மகனிடம் சாயங்காலம் சொன்னாள். அவன் வாசல் படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் போட்டுக்கொண்டிருந்தான்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே.”

“ஆமா” என்றான். வாரைத் துளையில் நுழைத்து இழுத்து, செருப்பைப் போட்டு, மிதித்துப் பார்த்தான். “சரி. எப்ப போகணும்?”

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் சண்டை போடாததைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்தொன்பது பேரும் கூடைப்பந்து மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். எண் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். கூட்டத்தில் எழுபத்தொரு வயது கிழவர் ஒருவர் இருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் புகைத்ததை எப்போதோ குடிபோதையில் யாரிடமோ சொல்லியிருந்தார். போயிங் என்று எல்லாரும் கூப்பிடும் ட்ரைசைக்கிள் ஆட்டோ ஓட்டுகிறவன் இருந்தான். கண் விழித்து வண்டி ஓட்ட ஷாபு இழுத்ததை அவனே ஒத்துக்கொண்டான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் ஆர்னென் ஒருவன்தான். உறுதிமொழி முடிந்ததும் பெரிய ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு ஜும்பா ஆடச் சொன்னார்கள். பத்துச் சனிக்கிழமை ஆடினால் சான்றிதழ். போயிங்குக்கு இடுப்பு வளையவே இல்லை. கிழவர் கையை மட்டும் ஆட்டிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். ஊர்ப் பெண்கள் வேலியோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆர்னெனும் சிரித்தான். போயிங்கின் கையைப் பிடித்து, “இப்படித் திரும்புண்ணே, இப்படி” என்று சொல்லிக் கொடுத்தான்.

முடிந்ததும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தார்கள். ஆர்னென் பையைத் தோளில் போட்டு வந்து சமையற்கட்டில் இறக்கினான்.

“அம்மா, இது என் மொதல் சம்பளம். பொங்கிப் போடு.”

அவள் பொங்கினாள். கத்திரிக்காயும் பாகற்காயும் மீன்விழுதும் போட்டுப் பினாக்பெட் செய்தாள். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

படம் நகராட்சியின் முகநூல் பக்கத்தில் அன்றைக்கே ஏறிவிட்டது. மறுநாள் காலைக்குள் விடுதித் தோழர்கள் ஒவ்வொருவராகப் பகிர்ந்திருந்தார்கள். ‘எண் 19-க்கு ஜே’ என்று ஒருவன் எழுதியிருந்தான். இன்னொருவன், ‘எங்க பேரையும் குடுத்துட்டியா?’ என்று கேட்டிருந்தான். ஆர்னென் அந்தக் கேள்வியை அம்மாவிடம் காட்டினான். “இவன் விளையாட்டுக்குக் கேக்கல” என்றான். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் கல்லூரி திறந்து அவன் மலைக்குப் போனான். மொட்டைமாடிக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. அறைத்தோழன் வேறு அறைக்கு மாறிவிட்டான். இதெல்லாம் நெனித்தாவுக்குப் பல மாதம் கழித்து வேறொருத்தி வாயிலாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் சொன்னதெல்லாம் குளிர், மழை, பரீட்சை, அவ்வளவே. கஞ்சாவைத் தொட்டாயா என்று அவள் ஒருமுறை கேட்டாள். “தொட்டா ஃபாரத்துல எழுதிக்குவியா?” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் பேச்சை மாற்றினாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், காலை ஆறரை மணிக்கு, ரொட்டிக்கடை வாசலில் போயிங்கைச் சுட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர், தலையில் ஹெல்மெட். மூன்று குண்டு. அவன் கையில் வாங்கிய ரொட்டிப் பை அப்படியே இருந்தது. சத்தம் கேட்டு ஓடிப் போனவர்களில் நெனித்தாவும் ஒருத்தி. முதலுதவி தெரிந்தவள் என்று அவளுக்கு வழி விட்டார்கள். நாடி பார்த்தாள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள். ஒன்பது நாள் கழித்து, பட்டியலில் நான்காவதாக இருந்த தென்னை ஏறுகிறவனை ஆற்றுப் பாலத்தருகே பிணமாகக் கண்டெடுத்தார்கள். எழுபத்தொரு வயது கிழவர் அன்று முதல் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நெனித்தா கேப்டன் வீட்டுக்குப் போனாள். அவர் கோழிகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார்.

“கேப்டன், ஆர்னென் பேரை எடுக்கணும்.”

“எங்கேருந்து எடுக்க?”

“பட்டியல்லேருந்து.”

“அது என்கிட்ட இல்ல நெனித்தா. நகரத்துக்குப் போயி, அங்கேருந்து மேல போயி, இப்ப எந்த மேசையில இருக்குன்னு எனக்கே தெரியாது. நான் கீழ இருக்கறவன். மேல போன காகிதம் கீழ எறங்கினதா சரித்திரம் உண்டா?”

“கஞ்சான்னுதானே எழுதினேன். ஷாபு இல்லியே. பாத்தா தெரியாதா அவங்களுக்கு?”

கேப்டன் உள்ளே போய் ஒரு நகலை எடுத்து வந்தார். நகரத்தில் கணினியில் அடித்தது. பெயர், வயது, முகவரி. மூன்றே பத்திகள். அவள் சின்ன எழுத்தில் எழுதிய சொல் எங்கேயும் இல்லை.

“அன்னிக்கே சொன்னேன்” என்றார் கேப்டன். பிறகு சொன்னதற்கு வருந்தியவர் போல, “ஒரு கோழி எடுத்துட்டுப் போ” என்றார். அவள் கோழி வாங்காமல் வந்துவிட்டாள்.

அந்த வாரமே, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். மோட்டார் சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்தி, ஒருவன் மட்டும் உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினான். மரியாதையாகத்தான் பேசினான்.

“ஆர்னென் தும்லாவ் வீடு இதானுங்களா?”

“ஆமா.”

“ஆள் இருக்காருங்களா?”

“இல்ல. மணிலாவுக்கு வேலைக்குப் போயிட்டான்.”

“படிக்கிறதாச் சொன்னாங்க.”

“படிப்பை விட்டுட்டான். கட்டட வேலை. எந்த எடம்னு எனக்கே தெரியாது. போன்கூடப் பண்றதில்ல.”

“அம்மாவுக்குத் தெரியாமலா?” என்று சிரித்தான் அவன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான். அவர்கள் யார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஏதோ பார்சல் கொடுக்க வந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். கையில் பார்சல் எதுவும் இல்லை.

பாகியோவில் அவன் எங்கே இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும், முகநூலுக்கே தெரியும். அவனை அங்கே விட்டுவைக்க முடியாது. உறவினர் எல்லாரும் இதே சுற்றுவட்டாரம். நெனித்தா ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கடைசியில் பழைய நோட்டில் எழுதிவைத்திருந்த ஒரு எண்ணுக்குப் போன் போட்டாள். லூஸ் எடுத்தாள். “நெனித்தா பேசறேன்” என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கோழிகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “இருங்கக்கா, அவரைக் கூப்பிடறேன்” என்றாள் லூஸ்.

பதினோரு வருஷம் கழித்து ஆர்செனியோவின் குரலைக் கேட்டாள். கொஞ்சம் கரகரத்திருந்தது.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றான் எடுத்ததும்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆர்னென் கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கணும்.”

“ஏன்?”

“பட்டியல்ல அவன் பேரு இருக்கு. இங்க ரெண்டு பேரைச் சுட்டுட்டாங்க.”

“என்ன பட்டியல்? அவன் என்ன பண்ணான்?”

“கஞ்சா. பசங்களோட சேந்து.”

“கஞ்சாவுக்கா?” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “எந்த நாய் பேரைக் குடுத்தது?”

“நான்தான்.”

அவன் கத்துவான் என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். அவன் கத்தவில்லை.

“பையன் தனியா பஸ் ஏற வேண்டாம்” என்றான். “நானே வரேன். வெள்ளிக்கிழமை காலைல பாகியோல இருப்பேன். அவன்கிட்ட ரெண்டு துணியை மட்டும் எடுக்கச் சொல்லு. பெட்டி கட்டினா எல்லாரும் பாப்பாங்க.”

அவன் படகேறி, பஸ் மாறி, பதினெட்டு மணி நேரம் பயணம் செய்து வந்து சேர்ந்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மார்க்கெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒரே மேசையில் மூவரும் உட்கார்வது பையனுக்கு ஒன்பது வயது ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை. எலும்பு சூப் வாங்கினார்கள். ஆர்செனியோவுக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. கையில் ஒரு விரல் நுனி இல்லை. ரம்பத்தில் போயிருக்கும் என்று நெனித்தா நினைத்தாள், கேட்கவில்லை. அப்பனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உயரமாயிட்டே” என்றான் ஆர்செனியோ.

“அம்மா வளத்தது” என்றான் ஆர்னென்.

“எலும்பை உறிஞ்சு. உள்ள இருக்கறதுதான் ருசி.”

ஆர்னென் உறிஞ்சினான். நெனித்தா ஒரு பையில் அவனுக்கு உள்ளாடை, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். மாத்திரைகளை எப்போது எதைப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஆர்செனியோ டிக்கெட் வாங்க எழுந்து போனான்.

“அங்க ஒழுங்கா இரு. லூஸ் கிட்ட மரியாதையா நடந்துக்கோ” என்றாள்.

“சரி.”

“என் மேல கோவமா?”

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். “கோவம்னு இல்லம்மா. நீ கேட்டே, நான் உள்ளதைச் சொன்னேன். மத்த பசங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுல பொய் சொன்னானுங்க. அவனுங்க இப்ப கிளாஸ்ல இருக்கானுங்க.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “உன் நல்லதுக்குன்னுதான் பண்ணேன்” என்பது நாக்கு வரை வந்தது. ஊசி போட்ட இடத்தில் பிள்ளைக்குச் சீழ் பிடித்ததென்று வந்து நின்ற தாயிடம் ஒருமுறை அவள் அதே வார்த்தையைச் சொன்னதும், அந்தப் பெண் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போது ஆர்னென் ஜன்னல் வழியாகக் கையசைத்தான். ஆர்செனியோ பக்கத்தில் உட்கார்ந்து அப்போதே கண்ணை மூடிவிட்டிருந்தான்.

அந்தப் பருவம் படிப்பு போயிற்று. அடுத்த வருஷம் மிண்டோரோவில் ஒரு விவசாயக் கல்லூரியில் சேர்ந்தான். பழைய பாடங்களில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு வருஷம் அதிகமாகப் படிக்க வேண்டியிருந்தது. காலையில் கல்லூரி, மாலையில் அப்பனோடு தச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணினான். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், மழை பெய்யுது. மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசிய பிள்ளை.

மற்றதெல்லாம் அவளுக்கு லூஸ் மூலமாகத்தான் தெரிய வந்தது. முதலில் லூஸ்தான் ஒரு செய்தி அனுப்பினாள்: ‘அக்கா, பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, நீங்க குடுத்த மாத்திரையே போட்டேன்.’ அவனுக்குக் காய்ச்சல் வந்ததே நெனித்தாவுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் பெயரைப் பதினோரு வருஷம் வாயால் சொல்லாதவள், பதில் எழுதினாள். பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று செய்தி வரும், போகும். தன் சின்னப் பெண்ணைப் பற்றியும் லூஸ் இடையிடையே எழுதுவாள். விடுதியில் அவனை ஒதுக்கியதை அவன் லூஸிடம் சொல்லியிருந்தான். சந்தையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கடைக்குள் ஒதுங்குவதையும் லூஸ் எழுதினாள். அதைப் படித்த அன்று நெனித்தா எடைபோட வந்த குழந்தை ஒன்றின் எடையை இரண்டு முறை தப்பாக எழுதினாள்.

ஒருநாள் மனசு தாங்காமல் போன் போட்டே கேட்டாள்.

“லூஸ், அவன் இன்னும் அதை ஊதறானா?”

“அக்கா, நான் அதெல்லாம் கேக்கறதில்ல.”

“உனக்குத் தெரியாமலா இருக்கும்?”

“எப்பவாவது பன்னிக் கொட்டாய்க்குப் பின்னால வாசனை வரும். மாசத்துக்கு ஒருக்கா இருக்கும். முன்னால இன்னும் கொஞ்சம் அதிகம். இப்ப கொறைஞ்சிருச்சு.”

“அவங்கப்பன் ஒண்ணும் சொல்றதில்லையா?”

“அவரும் போயி பக்கத்துல உக்காந்துக்குவாரு. ஊத மாட்டாரு, சும்மா உக்காந்திருப்பாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கற மாதிரித் தெரியல. அப்புறம் ரெண்டு பேரும் சோத்துக்கு வந்துருவாங்க.”

“நீ சொல்லக்கூடாதா அவருக்கு? அப்பன்னு இருந்தா ரெண்டு வார்த்தை கண்டிக்க வேணாமா?”

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க” என்றாள் லூஸ். “வந்த புதுசுல அவன் இந்த வீட்டுல யார்கிட்டயும் பேசல. ஆறு மாசம். மொத மொத பேசினது அங்க உக்காந்துதான்.”

நெனித்தா போனை வைத்துவிட்டு வெகுநேரம் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். தன் பிள்ளையை விட்டுப்போன மனிதன், ஒரு வார்த்தையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தே அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்பது அவளுக்கு நியாயமாகப் படவில்லை. ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பன்றிக் கொட்டகைக்கு யாரும் படிவத்தோடு வரமாட்டார்கள் என்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள்.

மேலும் மூன்று வருஷம் ஓடியது. கபுலானில் பட்டியலில் இருந்தவர்களில் மொத்தம் நான்கு பேர் போனார்கள். பிறகு மெதுவாக ஓய்ந்தது. கேப்டன் டெல்ஃபின் தேர்தலில் தோற்று, முழுநேரமும் கோழி வளர்த்தார். நெனித்தா கதவு தட்டும் வேலைக்கெல்லாம் இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எடை போடுவதையும் ஊசி நாளையும் மட்டும் வைத்துக்கொண்டாள். ஊசிக்குப் பயந்து பிள்ளையை ஒளிக்கும் தாய்மாரை இப்போதெல்லாம் அவள் திட்டுவதில்லை. வாசலில் உட்கார்ந்து, அவர்கள் தாமாக வெளியே வரும்வரை காத்திருக்கிறாள். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது என்று மற்றத் தொண்டர்கள் முணுமுணுப்பார்கள்.

படிப்பு முடிந்து, நாற்றுப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் ஆர்னென் வந்தான். முன்கூட்டியே சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு வேலியைத் திறந்துகொண்டு வந்து நின்றான். அப்பனைப் போலவே தோள் அகன்றிருந்தது. மூன்று நாள் லீவு என்றான். நெனித்தா அவன் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். “சாப்பிட்டியா?” என்றாள்.

வந்ததும் வராததுமாகக் கூரையில் ஏறி ஒழுகும் தகட்டை மாற்றினான். கொல்லைக் கதவின் கீலைச் சரி செய்தான். மத்தியானம் சமையற்கட்டு மேசையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக் கொடுத்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அவன் விரல் நுனிகளைப் பார்த்தாள், மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று. மண்கறைதான் இருந்தது. கேள்வி வாய்க்குள் உருண்டது. அவன் அதை உணர்ந்தவன் போல, உரிப்பதை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

“லூஸோட சின்னப் பொண்ணு எப்படி இருக்கா?” என்றாள் நெனித்தா.

அவன் தோள் இறங்கியது.

“யாரு, ஜோவிலினா? அதை ஏன் கேக்கறேம்மா” என்று ஆரம்பித்தான். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. இருந்தும் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாளாம். அண்ணன்தான் சொல்லித் தர வேண்டும் என்று ஒரே அடம். இவனுக்கோ ராகமே வராது. அப்பா கொட்டகையில் ரம்பம் இழுத்துக்கொண்டே தாளம் போடுவாராம், அதுவும் தப்பாக. போட்டியன்று மேடையில் ஏறி இரண்டாவது வரியை மறந்துவிட்டு, முதல் வரியையே நான்கு தடவை பாடிவிட்டு இறங்கினாளாம். “எறங்கி வந்து, நல்லா இருந்துச்சான்னு கேக்கறா. லூஸ் சித்தி சிரிப்பை அடக்க முடியாம வெளிய ஓடிட்டாங்க. நான் என்ன பண்ணுவேன் சொல்லு?”

“என்ன சொன்னே?”

“மொத வரி பிரமாதம்னேன்.”

நெனித்தா சிரித்தாள். தண்ணீர் பாதி வற்றியிருந்தது. அவள் இன்னொரு குவளை ஊற்றி, தீயைக் குறைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜோவிலினின் தம்பியைப் பற்றியும் அவன் சொல்லத் தொடங்கியிருந்தான்.